வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு

மார்கழி பிறந்து பனி இறங்கத் தொடங்கியதும் நம் வரிச்சிக்குடி வட்டாரத்து வீடுகளில் இரண்டு கணக்குகள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று தொழிற்கணக்கு, மற்றொன்று பண்டிகைக் கணக்கு. சம்பாப் பயிர் வயலில் நிற்கிறது. அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. குறுவையில் வந்த பணம் சம்பா நடவுக்கும் உரத்துக்கும் போய்விட்டது. நெசவாளர் வீட்டிலோ, வடகிழக்குப் பருவமழையால் சாயம் தோய்த்த நூல் உலராமலும், தறிக்குழியில் ஈரம் ஊறியும் பல நாள் வேலை கெட்டுப்போயிருக்கிறது. தீபாவளி விற்பனையின் சுறுசுறுப்பும் அடங்கிவிட்டது. ஆக, கையில் காசு மிகக் குறைந்திருக்கும் காலத்தில்தான் டிசம்பர் 25-ஆம் நாள் வந்து சேருகிறது. அதன் பின்னாலேயே புத்தாண்டும், பொங்கலும், பொங்கற் சீரும் வரிசையாக நிற்கின்றன.

சிறு குழந்தைகளுக்குப் பரிசு தேடுவது அத்தனை கடினமான காரியமன்று. ஒரு சட்டை, ஒரு பொம்மை, ஒரு பொட்டலம் மிட்டாய் கண்டால் குழந்தையின் முகம் மலர்ந்துவிடும். வளர்ந்து, மணமாகி, வேறு ஊரில் குடித்தனம் நடத்தும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதே பெற்றோரைத் தடுமாற வைக்கும் கேள்வி. அவர்களுள் பலர் நம்மைவிட அதிகம் சம்பாதிக்கின்றனர். நாம் வாங்கக்கூடிய பொருள் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாத பொருளோ நம் சக்திக்கு மேற்பட்டது. இந்நிலையில் பலர் செய்வது என்ன? கடைசி வாரத்தில் காரைக்கால் கடைத்தெருவுக்குச் சென்று, கூட்டத்தில் நெருக்குண்டு, கண்ணில் பட்டதைக் கடனுக்கு வாங்கி வருவதுதான். இது குறித்துக் கூட்டுறவுக் கண்ணோட்டத்தில் சில கருத்துக்களை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இது கிறிஸ்தவ அங்கத்தினருக்கு மாத்திரம் உரிய விஷயம் என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தீபாவளிக்கும், ரம்ஜானுக்கும், பொங்கலுக்கும் இதே கேள்விதான் வேறு உடையில் வருகிறது. காரைக்கால் தூய தேற்றரவு அன்னை ஆலயத்தின் மணியும், மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரியும், அம்மையார் கோயிலின் மாங்கனித் திருவிழாவும் ஒரே ஊரின் சொத்தாக விளங்கும் வட்டாரம் நம்முடையது. ஒரு வீட்டுப் பண்டிகைப் பலகாரம் நான்கு வீட்டுத் திண்ணைக்குச் செல்லும் வழக்கமும் இங்கே உண்டு.

மாங்கனி உணர்த்தும் நீதி

மாங்கனித் திருவிழாவின் வரலாறு நம் ஊரில் அறியாதார் இலர். வணிகனாகிய கணவன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றைப் பசியோடு வந்த அடியாருக்குப் புனிதவதியார் படைத்தார் என்பதே அதன் தொடக்கம். இறையருள் குறித்த பகுதியை அவரவர் நம்பிக்கைக்கு விட்டு, இக்கட்டுரைக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தக் கனி விலையால் உயர்ந்ததன்று. சமைத்த கறி இன்னும் ஆயத்தமாகாத வேளையில், வந்தவரின் பசிக்கு உடனே உதவியதால் உயர்ந்தது. கொடுப்பவர் கையில் என்ன இருந்தது, பெறுபவருக்கு எது தேவைப்பட்டது என்ற இரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்தன. நல்ல பரிசுக்கு இலக்கணம் இதுவே என்பது எம் கருத்து.

இந்த இலக்கணத்தை மேல்நாட்டுப் பொருளாதார அறிஞர் ஒருவர் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் வால்ட்ஃபோகல் என்பவர், 1993-ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். மாணவர்கள் பெற்ற பரிசுகளின் விலை என்ன, அதே பொருளைத் தாமே வாங்குவதாயிருந்தால் அதற்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று அவர்களையே கேட்டார். கொடுத்தவர் செலவிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, பெற்றவர் மதிப்பில் காணாமற் போயிருந்தது. நண்பர்கள் கொடுத்த பரிசில் இழப்புக் குறைவு; அடிக்கடி பழகாத தூரத்து உறவினர் கொடுத்த பொருளில் இழப்பு அதிகம். பெறுபவரின் தேவையையும் விருப்பத்தையும் அறியாமல் கொடுப்பதே இந்த இழப்புக்குக் காரணம் என்பது தெளிவு.

அவருடைய கணக்கில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பொருளின்மீது வைக்கும் அன்பின் மதிப்பைத் தள்ளிவிட்டுச் சொல்லுமாறுதான் அவர் மாணவர்களைக் கேட்டார். தாய் கொடுத்த சேலையைச் சந்தை விலையால் மட்டும் அளக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அன்பு இருக்கிறது என்பதற்காகப் பொருளை வீணாக்கலாம் என்றாகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது, நூறு ரூபாயை உழைத்துச் சேர்த்த வீட்டுக்கே மிகவும் பொருந்தும். 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கைத்தறித் தொழிலில் இருப்பதாகத் தெரிய வந்தது. அக்குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. அத்தகைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழக்கும் பரிசு, அன்பின் பெயரால் நடக்கும் நஷ்ட வியாபாரமாகும்.

கேட்டறிவதில் குறைவில்லை

"என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் அதில் என்ன சுவை இருக்கிறது? எதிர்பாராமல் கொடுப்பதல்லவா பரிசு?" என்று சிலர் வினவக்கூடும். சிறுபிள்ளைக்கு இது பொருந்தும். முப்பது வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. அவன் வீடு எத்தகையது, அவன் மனைவிக்கு எந்த நிறம் பிடிக்கும், மகள் அலுவலகத்துக்கு என்ன உடுத்துகிறாள், அவர்கள் கட்டிலின் அளவு என்ன என்பவை நமக்குத் தெரியாமலே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பரிசைச் சாக்காக வைத்து இவற்றைக் கேட்டறிவதே ஓர் உறவுப் பணியாகும். கேட்பதனால் நம் மதிப்புக் குறைந்துவிடாது. அவர்கள் வாழ்க்கையை அறிய நாம் விரும்புகிறோம் என்பதே வெளிப்படும்.

கேட்பதற்கு உரிய காலம் மார்கழி அன்று என்பதையும் நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு சேலைக்காக மட்டும் ஒரு தறியில் பாவு ஏற்ற முடியாது. ஒரு பாவில் பல சேலைகள் இறங்கியாக வேண்டும். நூலுக்குச் சாயம் தோய்த்தல், பாவு ஓடுதல், கஞ்சி போட்டு உலர்த்துதல், பிணைத்தல் ஆகிய இத்தனையும் முடிந்த பிறகுதான் நாடா ஓடத் தொடங்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தெருவில் பாவு விரிக்க வழியில்லை. ஆகவே ஆடி, ஆவணி மாதங்களிலேயே பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டு, நான்கைந்து குடும்பங்கள் ஒன்று சேர்ந்து ஒரே வண்ணப் பாவுக்குச் சங்கத்தில் சொல்லி வைத்தால், டிசம்பரில் பொருள் தயாராக இருக்கும். ஊடையின் நிறத்தை மாற்றி, ஒரே பாவில் வெவ்வேறு சேலைகளும் நெய்து கொள்ளலாம். இதனால் குடும்பத்துக்கு வேண்டிய துணி கிடைக்கிறது. நெசவாளருக்கு மழைக்கு முன்பே உறுதியான வேலை கிடைக்கிறது. சங்கத்துக்குத் தேங்காத சரக்குக் கிடைக்கிறது.

நம் துணியைக் கொடுப்பது குறித்து

நெசவாளர் வீட்டுப் பரிசு கைத்தறியாக இருக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் வெளியே கைத்தறியின் பெருமையைப் பேசிவிட்டு, தம் பிள்ளைகளுக்கு விசைத்தறித் துணியையும் ஆலைத் துணியையும் வாங்கும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. நாம் நெய்வதை நாமே உடுக்கவில்லையென்றால், வேறு யாரை உடுக்கச் சொல்ல முடியும்? இந்தக் கேள்வியைச் சங்கக் கூட்டங்களில் வெட்கமின்றிப் பேச வேண்டும்.

அதே வேளையில், மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிள்ளை உடுத்தாத வேட்டியை, கைத்தறி என்ற ஒரே காரணத்துக்காக அவன் பெட்டியில் திணிப்பது பரிசாகாது. நம் சரக்கை அவன் தலையில் கட்டுவதாகும். அது கைத்தறிக்கும் நன்மை செய்யாது. பெட்டியில் கிடக்கும் துணி மறுமுறை வாங்கப்படுவதில்லை. ஆகவே பிள்ளைகளின் வாழ்க்கை மாறியிருப்பதற்கேற்ப நம் தறியும் மாற வேண்டும். அலுவலகம் செல்லும் மகளுக்குச் சுடிதாருக்கான துணியும் துப்பட்டாவும், மகனுக்குச் சட்டைத் துணியும், புதுக் குடித்தனத்துக்குப் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும், பேரக் குழந்தைக்கு மென்மையான துண்டும் நம் தறிகளில் இறங்க வேண்டும். பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்ற செய்தி, எந்தச் சந்தை ஆராய்ச்சியையும்விட நம் சங்க நிர்வாகிகளுக்குப் பயன்படும். அச்செய்தி நம் ஒவ்வொரு வீட்டிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

வாங்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்கும் கடைகள் உண்டு. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருந்தும் இவ்வேமாற்று நின்றபாடில்லை. 2006 முதல் நடைமுறையில் உள்ள கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தறியில் துணியை அகலமாக விரித்துப் பிடிக்கும் கம்பின் முள்கள் இரு கரையோரத்திலும் மிகச் சிறு துளைகளை விட்டிருக்கும். அதுவும் ஓர் அடையாளம். பட்டு வாங்குவோர் பட்டு முத்திரையைப் பார்த்து வாங்குவது நலம். மயிலாடுதுறைக் கூறைநாட்டின் பெயர் கூறைச் சேலையோடு கலந்து நிற்கிறது. திருபுவனம் பட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இவ்விரண்டு ஊர்களும் நமக்கு நெடுந்தொலைவில் இல்லை. மகளுக்குப் பட்டு எடுப்பதானால், தூரத்துக் கடையின் விளம்பரத்தை நம்பாமல் அருகிலுள்ள நெசவாளரின் கூட்டுறவை நாடலாம்.

விவசாய அங்கத்தினர் கொடுக்கத்தக்க பரிசு அவர்கள் குதிரிலேயே இருக்கிறது. சென்னையில் வாழும் பிள்ளைக்கு நாம் கடையில் வாங்கிக் கொடுக்கும் சட்டை எந்த ஊரிலும் கிடைக்கும். நம் வயலில் விளைந்த சீரகச் சம்பாவோ, கிச்சிலிச் சம்பாவோ, மாப்பிள்ளைச் சம்பாவோ அப்படிக் கிடைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்குப் புது நெல் இராது என்பது உண்மையே. ஆனால் சென்ற தை, மாசியில் அறுத்து, உலர்த்தி, காப்பாற்றி வைத்த பழைய அரிசியே சோற்றுக்கும் பிரியாணிக்கும் உதிரியாக நிற்கும் என்பதை வீட்டுப் பெண்மணிகள் அறிவர். அறுவடையின்போதே "இது பிள்ளைகளுக்கு" என்று இரண்டு மூட்டையை ஒதுக்கி வைத்தால், டிசம்பரில் கைக்காசு செலவின்றிப் பரிசு ஆயத்தம்.

கடல் கடந்த பிள்ளைகள்

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு தனிச் செய்தியும் உண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் அது சட்டப்படி முழுமை பெற்றது. அந்த உடன்படிக்கையின்படி, குறித்த காலத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுக்க இவ்வூர் மக்களுக்கு வாய்ப்பு இருந்தது. அதன் தொடர்ச்சியாக இன்றும் பல குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சில் வாழ்கின்றனர். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைப்பவர் வேறு. அங்கிருந்து இங்கே பணமும் பொருளும் வருகின்றன. அவர்களுக்குச் சமமாக நாம் என்ன அனுப்புவது என்று பெற்றோர் கூசுகின்றனர்.

இந்தக் கூச்சம் வேண்டியதில்லை. யூரோவுக்கு ஈடாக ரூபாயை வைத்து அளக்கும் போட்டியில் பெற்றோர் ஒருபோதும் வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டியதில்லை. பாரிசில் டிசம்பர் மாதக் குளிருக்குப் பருத்திச் சேலை உதவாது. கம்பளிக்குப் போட்டியாக நம் துணியை அனுப்புவது அறியாமை. ஆனால் வீட்டுக்குள் விரிக்கும் விரிப்பும், துண்டும், கோடையில் உடுக்கும் மெல்லிய சட்டைத் துணியும், ஞாயிறு வழிபாட்டுக்கும் திருமணத்துக்கும் கட்டும் கரை வேட்டியும் அங்கே மதிப்புப் பெறுகின்றன. தின்பண்டம் கொடுத்தனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பாற்பொருளும் இறைச்சியும் கொண்டு செல்லத் தடை உண்டு. ஆசையோடு காய்ச்சிய நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்துக் குப்பைத் தொட்டிக்குப் போவதில் யாருக்கும் இலாபமில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோருக்கு நீங்கள் அனுப்பும் பரிசிலும் இதே இலக்கணத்தைப் பாருங்கள். பயன்படுத்தத் தெரியாத மின்சாரக் கருவியைவிட, தாயின் கண்ணுக்குச் சரியான மூக்குக்கண்ணாடியும், தந்தையின் தறிக்குழிக்கு அருகே நல்ல விளக்கும் அவர்களுக்கு உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை நாள் வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்பதையே அவர்கள் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள்.

பங்கீட்டில் நேர்மை

குடும்பத்தில் மனக்கசப்பு பெரும்பாலும் பரிசின் சிறுமையால் வருவதில்லை. பங்கீட்டின் வேற்றுமையால் வருகிறது. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, மருமகளுக்குத் தள்ளுபடிச் சேலை என்று கொடுத்தால், அந்த மருமகள் அதைப் பல ஆண்டுகள் மறப்பதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழி எங்கிருந்து பிறந்தது என்பதை நாம் ஆராய வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே விலையில் கொடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. வேலையிழந்த மகனுக்குச் சற்று அதிகமாகவும், வசதியுள்ளவனுக்குக் குறைவாகவும் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் தேவையால் வேற்றுமை செய்யலாம். அந்தஸ்தால் வேற்றுமை செய்யலாகாது.

மூன்று பேரைப் பெரும்பாலான குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. முதலாமவர், மணமாகாமல் பெற்றோருடன் இருந்து வீட்டையும் தறியையும் சுமக்கும் மகள். பாவுக்கு நூல் சுற்றுவதும், தார் போடுவதும், கடன் கட்டக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போவதும் அவளே. பண்டிகையில் முதல் துணி அவளுக்கே சேர வேண்டும். இரண்டாமவர், கணவனை இழந்த சகோதரி அல்லது அத்தை. அவருக்கு வெள்ளைச் சேலைதான் என்ற பழைய வழக்கம், அவர் வாய் திறந்து சொல்லாத துயரம். வண்ணச் சேலை ஒன்றை மதிப்போடு கொடுத்துப் பாருங்கள். மூன்றாமவர், முதுமையில் ஒரு மூலையில் இருக்கும் தாய் தந்தையர். அவர்களுக்குத் துணியைவிட ஒரு போர்வையோ, காலுக்கு இதமான செருப்போ, ஆலயத்துக்கு நள்ளிரவுத் திருப்பலிக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவர ஒரு வண்டியோ பெரிய பரிசாகும்.

சம்பந்தி வீட்டுக்குச் செய்யும் சீர் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டு வாங்குவது பரிசன்று. "சென்ற ஆண்டு மோதிரம் வந்தது, இந்த ஆண்டு என்ன?" என்று மறைமுகமாகக் கேட்கும் வழக்கம் எந்தச் சமயத்தாரிடையே இருந்தாலும் அது வரதட்சிணையின் வாலே. 1961-இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்த பிறகும், பண்டிகையின் பெயரால் அந்த வால் ஆடிக்கொண்டிருக்கிறது. மகளின் நிம்மதிக்காகத் தந்தை கடன் வாங்கிச் செய்யும் சீர், அடுத்த ஆண்டு மேலும் பெரிய சீரையே கேட்கும்.

கடன் வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

இனி, இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். ஒரு குடும்பத்தில் பத்துப் பேருக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் வீதம் பரிசு கொடுப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 ரூபாய். அதை வெளியில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கி, பத்து மாதம் கழித்து அடைத்தால் வட்டி மட்டும் 3,000 ரூபாய். அதாவது மூன்று பேருக்கான பரிசைக் கடன்காரருக்குக் கொடுத்துவிட்டோம். அதே குடும்பம் ஜனவரி முதல் மாதம் 850 ரூபாய் வீதம் சங்கத்தில் சேமித்து வந்திருந்தால், டிசம்பரில் அசல் மட்டுமே 10,200 ரூபாய் கையில் இருக்கும், வட்டி தனி. அந்தத் தொகையும் இயலாதோர் மாதம் 300 ரூபாய் சேமித்து, 3,600 ரூபாய்க்குள் பண்டிகையை அடக்கிக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கமே வேண்டும்.

பயிர்க் கடனைப் பண்டிகைக்குத் திருப்புவது இதனினும் ஆபத்தானது. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் குறித்த வரம்பு வரையிலான குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவிகிதம்; தவணைக்குள் செலுத்துவோருக்கு 3 சதவிகிதம் குறைகிறது. உரத்துக்கு வாங்கிய பணம் பரிசாக மாறினால், விளைச்சல் குறைகிறது, தவணை தவறுகிறது, அந்தச் சலுகையும் போய்விடுகிறது. காவிரித் தண்ணீரையும் மழையையும் நம்பி நிற்கும் கடைமடை விவசாயிக்கு இந்தத் துணிச்சல் தகாது.

சேமிக்கும் இடத்தையும் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும். பண்டிகைச் சீட்டு என்ற பெயரில், மாதந்தோறும் பணம் வாங்கி, இறுதியில் தங்கக் காசும் பாத்திரமும் தருவதாகக் கூறுவோர் எங்கும் உளர். இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. இங்கிலாந்தில் ஃபேர்பாக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டே மாதம் இருக்கையில் முறிந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட ஏழை, நடுத்தரக் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் கட்டிய பணத்தை இழந்து நின்றன. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் 2019-இல் வந்திருக்கிறது. எனினும் பணம் போன பிறகு சட்டத்தைத் தேடுவதைவிட, போகுமுன் கணக்குப் புத்தகத்தைக் கேட்பது அறிவுடைமை. தணிக்கை நடக்கும் சங்கத்தில், உங்கள் கண்முன் கணக்கு வாசிக்கப்படும் இடத்தில் சேமியுங்கள்.

இங்கே நம் இயக்கத்தின் பிறந்த நாளை நினைவுகூர்வது பொருத்தம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலரும் அடங்கிய 28 தொழிலாளர்கள் 28 பவுன் மூலதனத்துடன் தங்கள் கடையைத் திறந்தது 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மாலை. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு. அன்று அவர்கள் விற்பனைக்கு வைத்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவையே. கலப்படமில்லாத பொருளும் சரியான எடையும் என்பதே அவர்கள் தங்கள் குடும்பங்களுக்குக் கொடுத்த பரிசு. வாங்கிய அளவுக்கு ஏற்ப இலாபத்தைப் பங்கிட்ட முறையால், கடனின்றி வாழும் பழக்கத்தையும் பிற்காலத்தில் கொடுத்தார்கள். அந்தச் சிறு கடையின் முறைகள் உலகெங்கும் பரவி நம் சங்கம் வரை வந்திருக்கின்றன.

செய்யத்தக்கவை

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கும் அங்கத்தினர்களுக்கும் சில யோசனைகளை முன்வைக்கிறோம். வரும் ஜனவரியிலேயே பண்டிகைச் சேமிப்புக் கணக்கு ஒன்றைச் சங்கங்கள் தொடங்கட்டும். கிறிஸ்துமஸ், ரம்ஜான், தீபாவளி, பொங்கல் என்று அவரவர் விரும்பும் மாதத்தில் பணத்தைத் திரும்பப் பெறும் வசதி இருக்கட்டும். ஆடி மாதத்தில் அங்கத்தினர் வீடுகளின் தேவையைக் கேட்டுப் பதிவு செய்து, மழைக்கு முன் பாவு ஏற்றட்டும். நெசவாளர் தம் துணியையும் விவசாயி தம் அரிசியையும் ஒருவருக்கொருவர் நியாய விலையில் மாற்றிக்கொள்ளச் சங்கம் இடம் அமைக்கட்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல அரிசியும், விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு நல்ல துணியும் போய்ச் சேர்ந்தால், இரு தரப்பாரின் உழைப்புக்கும் அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு முதலிய நம் கடற்கரை ஊர்களில் ஆழிப்பேரலை எத்தனை வீடுகளை வெறுமையாக்கிற்று என்பதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. முந்திய நாள் உடுத்திய புத்தாடையோடு போனவர்களும் உண்டு. அன்று சாதி, சமயம் பாராமல் வந்து குவிந்த துணியும் அரிசியும் யார் கொடுத்தவை, யார் பெற்றவை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அந்த நினைவுள்ள கரையில், பரிசுப் பட்டியலின் இறுதியில் உறவல்லாத ஒரு பெயருக்கும் இடம் இருக்க வேண்டும். துணையில்லாத முதியவர், தந்தையில்லாத குழந்தை, மழையால் தறி நின்ற பக்கத்து வீட்டு நெசவாளர் ஆகியோரில் ஒருவர் பெயரை ஒவ்வொரு குடும்பமும் எழுதிக்கொண்டால் போதும்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நம்மிடம் அவர்கள் எதிர்பார்ப்பது கடையின் பெரிய பெட்டியன்று. கடனில்லாத பெற்றோரும், சண்டையில்லாத வீடும், தாம் பிறந்த மண்ணின் ஒரு பிடி அரிசியும், அந்த மண்ணில் நெய்த ஒரு முழத் துணியுமே அவர்களுக்கு நீண்ட நாள் நிற்கும். அவற்றைக் கொடுக்க நம்மால் இயலும். அதற்குச் சங்கம் துணை நிற்கும்.